க்விஸ் பௌல் ஆடுபவரின் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடப்படும் பாடம் சார்ந்த வினாடி வினாவுக்கு க்விஸ் பௌல் என்று பெயர். அங்கே படிக்கப்போகும் நம் மாணவர்களும், அங்கேயே வளரும் பிள்ளைகளின் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பஸ்ஸர், டாஸ்-அப், போனஸ், நெக் போன்ற சொற்களை ஆடுபவர்கள் சொல்கிறபடியே விட்டிருக்கிறோம்.

டிவியில் வரும் க்விஸ் நிகழ்ச்சியும் இதுவும் ஒன்றா?

வேர் ஒன்று. 1953-இல் என்பிசி வானொலியில் தொடங்கிய ‘காலேஜ் பௌல்’ 1959-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதைப் பார்த்து பிரிட்டனில் 1962-இல் ‘யுனிவர்சிட்டி சேலஞ்ச்’ தொடங்கியது. இன்றைய க்விஸ் பௌலுக்குக் கேமரா கிடையாது, பார்வையாளர் அநேகமாக இல்லை. சனிக்கிழமை காலை ஒரு பல்கலைக்கழக வகுப்பறையில் இரண்டு அணிகள் எதிரெதிரே உட்காரும், ஒருவர் கேள்வி வாசிப்பார், இன்னொருவர் புள்ளி குறிப்பார். அவ்வளவுதான்.

கேள்வித்தாள்களைத் தயாரிக்கும் அமைப்புகளில் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். 1991-இல் தொடங்கிய ஏசிஎஃப் கல்லூரி ஆட்டத்துக்கு உரியது. கடினமானது, கடிகாரம் இல்லாதது. 1996-இல் தொடங்கிய என்ஏக்யூடி பள்ளி, கல்லூரி இரண்டுக்கும் கேள்வி தருகிறது. அதன் கேள்விகள் சற்றுக் குட்டை. பள்ளி ஆட்டத்துக்கென்று பேஸ் என்ற அமைப்பும் தனியாக ஒரு தேசியப் போட்டி நடத்துகிறது.

ஒரு ஆட்டம் எப்படி நடக்கும்?

அணிக்கு ஒரே நேரத்தில் நான்கு பேர். ஆள் குறைந்தாலும் ஆடலாம், ஒருவர் தனியாகவே வந்து ஆடுவதும் உண்டு. ஏசிஎஃப் ஆட்டம் என்றால் 20 டாஸ்-அப். டாஸ்-அப் எல்லோருக்கும் பொதுவான கேள்வி. வாசித்துக்கொண்டிருக்கும்போதே யாரும் பஸ்ஸரை அமுக்கலாம். அமுக்கியவர் அணியோடு கலந்து பேசாமல் தானே பதில் சொல்ல வேண்டும். சரியென்றால் 10 புள்ளி. கேள்வி முடியும் முன் அமுக்கித் தவறாகச் சொன்னால் 5 புள்ளி கழியும். இதுதான் நெக். அதன்பின் அந்த அணியில் வேறு யாரும் அந்தக் கேள்விக்கு அமுக்க முடியாது. எதிரணி மிச்சத்தை நிதானமாகக் கேட்டுப் பதில் சொல்லும்.

டாஸ்-அப்பை வென்ற அணிக்கு போனஸ் வரும்: ஒரே பொருளையொட்டி மூன்று கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 10. இதில் கலந்து பேசலாம். என்ஏக்யூடியில் கூடுதலாக ‘பவர்’ உண்டு. கேள்வியின் முற்பகுதியில், குறித்த ஒரு சொல்லுக்கு முன்பே சரியாகச் சொன்னால் 10-க்குப் பதில் 15.

வேகமாக அமுக்குபவர்தானே ஜெயிப்பார்?

இல்லை. கட்டைவிரல் வேகம் கேள்வியின் கடைசி வரியில் மட்டுமே கணக்காகும். அதுவரை வெற்றி யாருக்கு ஆழமாகத் தெரியும் என்பதைப் பொறுத்தது. காரணம் கேள்வியின் அமைப்பு. முதல் வாக்கியத்தில் மிகக் கடினமான குறிப்பு, பிறகு படிப்படியாக எளிது, கடைசியில் எல்லோருக்கும் தெரிந்தது. பிரமிட் அமைப்பு என்பார்கள். முதல் குறிப்பு லீட்-இன், கடைசி கிவ்அவே. ஒரு மாதிரி பாருங்கள்:

“இந்த அரசமரபின் காலத்துக் கல்வெட்டொன்று, ஓலை நறுக்குகளில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கிறது. இம்மரபின் இளவரசர் ஒருவர் தக்கோலம் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்டார். இம்மரபின் அரசர் ஒருவர் நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தது லெய்டன் செப்பேடுகளில் பதிவாகியிருக்கிறது. இம்மரபின் கடற்படை 1025 வாக்கில் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது. பத்துப் புள்ளிக்கு: தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் ராஜராஜன் எந்த அரசமரபைச் சேர்ந்தவர்?”

சோழர் என்பது நமக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஆனால் குறிப்புகளின் வரிசை அமெரிக்க மாணவரை மனத்தில் வைத்து அமைந்தது. அங்கே பெரும்பாலோர் ஸ்ரீவிஜயம் வரும்வரை காத்திருப்பார்கள். வழுக்கும் இடங்கள் இரண்டு. உத்தரமேரூர் பல்லவர் காலத்து ஊர் என்று படித்தவர் முதல் வரியிலேயே ‘பல்லவர்’ என்று சொல்லி நெக் வாங்குவார். குடவோலைக் கல்வெட்டு முதலாம் பராந்தகன் காலத்தது. தக்கோலம் என்ற பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர் அந்தப் போரில் வென்ற ராஷ்டிரகூடரைச் சொல்வார். கேட்டதோ தோற்ற தரப்பை, இளவரசர் ராஜாதித்தனின் மரபை. பாதிக்குப் பாதி நெக் இப்படித்தான் விழுகிறது: பெயர் தெரியும், அந்தப் பெயர் யாருக்கு என்ன உறவு என்பது தெரியாது. கேள்வியில் ‘இந்த’ என்ற சுட்டுக்குப் பின் வரும் சொல்லைக் காதில் வாங்காமல் அமுக்காதீர்கள். இந்த மரபா, இந்தப் போரா, இந்த ஊரா என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

எவ்வளவு உறுதியானால் அமுக்கலாம்?

இதற்கு ஒரு கணக்கு உண்டு. டாஸ்-அப்புக்கு 10, போனஸில் சராசரியாக 15, ஆக ஒரு டாஸ்-அப்பின் மதிப்பு 25. நெக் வாங்கினால் உங்களுக்கு 5 போகும். எதிரணி மிச்சத்தைக் கேட்டு ஐந்தில் நான்கு முறை சரியாகச் சொல்லும் என்று வைத்தால் அவர்களுக்குச் சராசரியாக 20 சேரும். இழப்பு மொத்தம் 25. லாபமும் நட்டமும் சமம்.

அப்படியானால், அடுத்த வரிவரை பொறுத்தால் இந்தக் கேள்வி உங்களுக்கே கிடைக்க எத்தனை வாய்ப்போ, அதைவிட இப்போதைய உறுதி அதிகமாக இருந்தால் அமுக்க வேண்டும். பலவீனமான அணியோடு ஆடும்போது பொறுத்தாலும் 80 சதவீதம் உங்களுக்கே வரும். ஆகவே 80-க்கு மேல் உறுதி இல்லாமல் கை வைக்காதீர்கள். உங்களைவிட வலுவான அணி என்றால் பொறுத்தால் கிடைப்பது 30 சதவீதம்தான். 40 சதவீத ஊகத்துக்குக்கூட அமுக்குவது நியாயம். புதியவர்கள் செய்வது நேர்மாறு. பெரிய அணியைப் பார்த்துப் பயந்து கையைக் கட்டிக்கொள்வார்கள், சின்ன அணியிடம் வீரம் காட்டி நெக் மேல் நெக் வாங்குவார்கள்.

எதிரணி ஏற்கெனவே நெக் வாங்கிவிட்டால் கேள்வி முழுவதும் உங்களுடையது. கடைசிச் சொல்வரை காத்திருங்கள். அவசரப்பட்டு அதிலும் தப்பாகச் சொல்வதுதான் இந்த ஆட்டத்தில் மிகவும் வீணான பிழை.

எந்தப் பாடத்தைப் படிப்பது?

ஏசிஎஃப் தாளின் 20 டாஸ்-அப்பில் இலக்கியம் 4, வரலாறு 4, அறிவியல் 4, கலைகள் 3. சமயம், தொன்மம், தத்துவம், சமூக அறிவியல் தலா 1. மீதி ஒன்று புவியியல், நடப்புச் செய்தி முதலியவற்றுக்கு. கலைகள் என்பதில் ஓவியமும் மேற்கத்திய செவ்வியல் இசையும் பெரும்பங்கு. நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

நான்கு பேரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படித்தால் நால்வரும் ஒரே கிவ்அவேயில்தான் அமுக்குவீர்கள். பாடத்தைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பொறியியல் மாணவருக்கு அறிவியல் இயல்பாக வரும் என்று எல்லோரும் நினைப்பார்கள். அணியில் ஏற்கெனவே இரண்டு பேர் அறிவியல் பார்த்தால் மூன்றாவது ஆளால் பயன் இல்லை. யாரும் தொடாத கலைகளை ஒருவர் எடுத்துக்கொண்டு ஓராண்டு உழைத்தால் ஆட்டத்துக்கு இரண்டு டாஸ்-அப் உறுதி.

தினமும் எப்படிப் பயிற்சி செய்வது?

பழைய கேள்வித்தாள்களுக்குப் பாக்கெட் என்று பெயர். ஆயிரக்கணக்கில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. க்யூபிரீடர் என்ற தளம் அவற்றைச் சொல் சொல்லாகத் திரையில் ஓட்டும். விசைப்பலகையில் தட்டி நிறுத்திப் பதில் சொல்லலாம். உங்கள் நிலைக்கேற்ற கடினத்தைத் தேர்ந்தெடுங்கள். தேசியப் போட்டித் தாளோடு தொடங்கினால் ஒரு வாரத்தில் வெறுத்துவிடும்.

ஒரு பாக்கெட்டை ஓட்டி முடித்ததும் தவறவிட்ட ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே குறிப்பை மட்டும் எழுதுங்கள்: எந்தக் குறிப்பில் நீங்கள் அமுக்கியிருக்க வேண்டும், அதற்கு முந்தைய குறிப்பு என்ன. அவற்றை ஆங்கி போன்ற மறுபார்வைச் செயலியில் அட்டையாக ஏற்றுங்கள். ஒரு அட்டையில் ஒரு செய்திதான். நாளுக்கு 20 புதிய அட்டைக்கு மேல் போகாதீர்கள். 50 ஏற்றுபவர்களுக்கு ஒரு மாதத்தில் பழைய அட்டைகளின் மறுபார்வையே மலைபோல் குவியும், செயலியையே திறக்காமல் விட்டுவிடுவார்கள்.

பாக்கெட் மட்டுமே படிப்பவர் ஓரிடத்தில் தேங்கிவிடுவார். பழைய தாள்களில் திரும்பத் திரும்ப வந்த குறிப்புகளைக் கேள்வி எழுதுபவர்களும் அறிவார்கள். வேண்டுமென்றே அவற்றைக் கேள்வியின் பின்பாதிக்குத் தள்ளிவிடுவார்கள். முன்பாதி உண்மையான நூலிலிருந்தும் பாடப் புத்தகத்திலிருந்தும் வரும். நாவலைப் பற்றிய சுருக்கத்தைப் படித்தவரைவிட நாவலையே படித்தவர் ஒரு வரி முன்னால் அமுக்குவார். ஓவியத்துக்குப் பெயரை மனப்பாடம் செய்வதைவிட ஓவியத்தை இரண்டு நிமிடம் உற்றுப் பார்ப்பது மேல்: வலது மூலையில் என்ன இருக்கிறது, யார் கை எங்கே நீண்டிருக்கிறது. கேள்வி அதைத்தான் கேட்கும்.

கேள்வி எழுதினால் ஆட்டம் வளரும் என்கிறார்களே, உண்மையா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்மட்டத்தில் ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் கேள்வி எழுதுபவர்கள். ஒரு டாஸ்-அப் எழுத ஆறேழு குறிப்பு வேண்டும். ஆறும் அந்த ஒரு விடைக்கு மட்டுமே பொருந்த வேண்டும். கடினத்திலிருந்து எளிமைக்கு இறங்க வேண்டும். அதைச் செய்ய இருபது பக்கமாவது படிக்காமல் முடியாது. அப்படிப் படித்தது மறக்காது.

முதல் முயற்சியில் வழக்கமாக மூன்று கோளாறு வரும். முதல் வாக்கியம் பிறந்த ஊர், பிறந்த ஆண்டு என்று தொடங்கும். அதை வைத்து யாரும் அமுக்க முடியாது, இடம்தான் வீண். அடுத்தது, இரண்டாம் வரியிலேயே மிகப் பிரபலமான பெயர் வந்துவிடுவது. அந்த இடத்தில் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள், பிரமிட் அங்கேயே இடிந்துவிடும். மூன்றாவது, குறிப்பு இன்னொரு விடைக்கும் பொருந்துவது. ஒருவர் சரியான காரணத்தோடு வேறு பதில் சொல்லி நெக் வாங்கினால் தப்பு அவர்மேல் இல்லை. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்து ‘இது வேறு எதற்குப் பொருந்தும்?’ என்று கேட்டுப் பாருங்கள்.

போனஸ் எழுதும்போது அந்தப் போட்டிக்கு வரும் அணிகளில் 90 சதவீதத்துக்குத் தெரிந்த ஒன்று, 50 சதவீதத்துக்குத் தெரிந்த ஒன்று, 10 சதவீதத்துக்குத் தெரிந்த ஒன்று என்பதுதான் அளவு. கூட்டிப் பாருங்கள், சராசரி 15 வரும். மேலே கணக்கில் போட்ட 15 இதுதான்.

எந்த வயதில், எந்தப் படியில் தொடங்குவது?

பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் தொடங்குவது வழக்கம். நடுநிலைப் பள்ளிக்கும் தனிப் போட்டிகள் உண்டு. என்ஏக்யூடி கேள்விகளில் நடக்கும் உள்ளூர்ப் போட்டியில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்த அணி, மே மாதக் கடைசியில் நடக்கும் பள்ளி தேசியப் போட்டிக்குத் தகுதி பெறும்.

கல்லூரியில் ஆண்டின் ஓட்டம் இப்படி: இலையுதிர் காலத்தில் ஏசிஎஃப் ஃபால், புதியவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பிறகு ஏசிஎஃப் விண்டர். ஆண்டுத் தொடக்கத்தில் ஏசிஎஃப் ரீஜனல்ஸும், என்ஏக்யூடியின் தகுதிச் சுற்றும். வசந்தத்தில் இரண்டு அமைப்புகளின் தேசியப் போட்டிகள். என்ஏக்யூடியில் புதியவர்களுக்கென்று இரண்டாம் பிரிவு தனியாக உண்டு, கேள்விகள் எளிது.

எம்எஸ் படிக்கப் போகிறேன். பள்ளியில் ஆடியதே இல்லை. சேரலாமா?

தாராளமாக. பட்டப் படிப்பில் பதிவு செய்த மாணவராக இருந்தால் போதும். முதுகலை, பிஎச்டி மாணவர்களும் கல்லூரி அணியில் ஆடலாம். முதல் வாரத்தில் நடக்கும் மாணவர் சங்கக் கண்காட்சியில் க்விஸ் பௌல் சங்கத்தின் மேசையைத் தேடுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு மாலை பயிற்சி இருக்கும், கட்டணம் அநேகமாக இருக்காது. போட்டிக் கட்டணத்தைப் பல இடங்களில் சங்கமே கட்டிவிடும்.

சென்னையில் ஓபன் க்விஸ் நன்றாக ஆடுவேன். அங்கே எடுபடுமா?

பாதி எடுபடும். நம் ஓபன் க்விஸில் படம், ஒலித்துண்டு, சுற்றி வளைத்து யோசித்து விடையை எட்டும் கேள்விகள் அதிகம். சினிமா, கிரிக்கெட், வணிகம் நிறைய. க்விஸ் பௌலில் ஊகித்து எட்டுவதற்கு நேரம் குறைவு, பாடம் சாராத செய்திகளுக்கு இடம் மிகக் குறைவு. ஆனால் குறிப்புகளை இணைத்து ‘இது இதுவாகத்தான் இருக்கும்’ என்று பிடிக்கும் பழக்கம் கேள்வியின் நடுப்பகுதியில் கைகொடுக்கும். இந்திய வரலாறும் இந்து சமயமும் ஒரு போட்டியில் சில கேள்விகளாவது வரும். அவை உங்கள் கணக்கில். அதை நம்பி மட்டும் போகாதீர்கள்.

உச்சரிப்புச் சரியாக வராது. புள்ளி போய்விடுமா?

போகாது. ஒலி ஏறக்குறைய பொருந்தினால் ஏற்பார்கள். எழுத்துகளின் ஒலி வரிசை மாறாமல் இருந்தால் சரி. பிரெஞ்சுப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாற்போல் சொன்னாலும் பரவாயில்லை. வாசிப்பவருக்குப் புரியாவிட்டால் திரும்பச் சொல்லக் கேட்பார், பதறாமல் மெதுவாகச் சொல்லுங்கள். ஆட்களுக்குக் குடும்பப் பெயர் மட்டும் போதும். முதற்பெயரையும் சேர்த்துச் சொல்லி அது தப்பாகிவிட்டால் முழுப் பதிலும் தப்பு. ஆகவே கேட்காததைச் சொல்லாதீர்கள்.

என் தனிப் புள்ளி குறைவு. நான் மோசமான ஆட்டக்காரரா?

அவசியமில்லை. ஆட்டத்துக்கு 50 புள்ளி என்றால் 5 டாஸ்-அப். பக்கத்தில் ஒரு பெரிய ஆட்டக்காரர் உட்கார்ந்திருந்தால் உங்களுக்குத் தெரிந்தவற்றையும் அவரே முன்னால் எடுத்துவிடுவார். உங்கள் எண் 15-க்கு இறங்கும். அணியின் உண்மையான அளவுகோல் போனஸ் சராசரி. எதிரணி வலுவா பலவீனமா என்பது அதைப் பெரிதாகப் பாதிக்காது. அந்தப் போட்டியின் கடினத்தில் 15 வந்தால் நடுத்தரம், 20-ஐத் தாண்டினால் நல்ல அணி.

இதில் பணம் உண்டா?

ஆட்டத்தில் இல்லை. கோப்பையோ புத்தகமோ கிடைக்கும். கேள்வி எழுதுவதற்கும் தொகுப்பதற்கும் ஊதியம் உண்டு, ஆனால் குடும்பம் நடத்தும் அளவுக்கு இல்லை. தொலைக்காட்சிதான் விதிவிலக்கு. 2004-இல் ‘ஜெப்படி’ நிகழ்ச்சியில் தொடர்ந்து 74 ஆட்டம் வென்று 25 லட்சம் டாலருக்கு மேல் எடுத்த கென் ஜென்னிங்ஸ், பிரிகம் யங் பல்கலைக்கழக அணியில் ஆடியவர், என்ஏக்யூடிக்குக் கேள்வி எழுதியவர். அது ஆயிரத்தில் ஒருவருக்கு. திட்டமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஒருவரின் ஆட்ட வாழ்வை எது முடித்துவிடும்?

கேள்வியை முன்கூட்டியே பார்ப்பது. ஒரே கேள்வித் தொகுப்பைப் பல ஊர்களில் வெவ்வேறு தேதிகளில் ஆடுவார்கள். ஓர் ஊரில் ஆடி முடித்தவர், தொகுப்பு பொதுவில் வெளியாகும் வரை அதைப் பற்றிப் பேசவோ எழுதவோ கூடாது. நண்பரிடம் ‘சோழர் வந்தது’ என்று வாய்தவறிச் சொன்னாலும் அவர் அதே தொகுப்பை ஆடும்போது சிக்கல். தற்செயலாகக் கேட்டுவிட்டால் ஆட்டத்துக்கு முன்பே போட்டி நடத்துபவரிடம் சொல்லிவிடுங்கள், அந்தக் கேள்வியை மாற்றிக் கொடுப்பார்கள். தொகுப்பை எழுதியவரும் சரிபார்த்தவரும் அதில் ஆடவே முடியாது.

2013-இல் என்ஏக்யூடி, ஹார்வர்டின் நான்கு தேசியப் பட்டங்களை ரத்து செய்தது. அந்த அணியில் ஆடிய ஒருவர் அமைப்புக்குக் கேள்வி எழுதுபவராகவும் இருந்தார். தான் பார்க்கக் கூடாத நிர்வாகப் பக்கங்களைத் திறந்திருந்தார். கூட ஆடியவர்களின் பட்டமும் சேர்ந்தே போயிற்று.

கல்லூரி முடிந்த பிறகு?

மாணவர் போட்டிகளுக்குக் கதவு மூடிவிடும். யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய ஓபன் போட்டிகள் உண்டு; கோடையில் நடக்கும் சிகாகோ ஓபன் அவற்றில் மிகக் கடினமானது, பழைய தேசிய வெற்றியாளர்கள் திரும்ப வருவதும் அங்கேதான். மற்றபடி வாசிப்பவராக, தொகுப்பவராக, பள்ளி அணியின் பயிற்சியாளராக இருக்கலாம். நன்றாக வாசிக்கத் தெரிந்த ஆளுக்கு எல்லாப் போட்டியிலும் பஞ்சம். சொல்லை விழுங்காமல், ஒரே வேகத்தில், ஒரு டாஸ்-அப்பை அரை நிமிடத்துக்குச் சற்று மேல் வாசித்து முடிப்பவர் கிடைத்தால் விடமாட்டார்கள்.

போட்டி நாளுக்கு என்ன எடுத்துப்போவது?

பேனா, காகிதம் முக்கியம். அறிவியல் கணக்குக்கும், போனஸில் எழுதிக் காட்டவும் வேண்டும். கைபேசி ஆட்டத்தின்போது மேசைக்குமேல் வரக் கூடாது. காலை எட்டரைக்குத் தொடங்கினால் மாலைவரை பத்துப் பன்னிரண்டு ஆட்டம் ஓடும், மதிய இடைவேளை ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம், வளாகத்தில் சனிக்கிழமை உணவகம் மூடியிருக்கலாம். புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள். சங்கத்திடம் பஸ்ஸர் பெட்டி இருந்தால் அதையும் தூக்கிப்போங்கள். பெட்டி கொண்டுவரும் அணிக்குப் பெரும்பாலும் கட்டணத்தில் தள்ளுபடி கிடைக்கும். முதல் நாள் இரவே எட்டுப் பிடியையும் ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். எப்போதும் ஒன்றிலாவது கம்பி தளர்ந்திருக்கும்.